முன்பணம் கொடுப்பதற்கு முன்: கஸ்டம் கத்தி வாங்குவோரும் செய்வோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் அட்லாண்டா பக்கம் குடியிருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் கையால் செய்த கத்திகளை வாங்குகிறேன், நாலைந்து வருடமாக வீட்டுக் கராஜில் நானே சில கத்திகளைச் செய்தும் பார்க்கிறேன். நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பலர் இதே கேள்விகளைக் கேட்பதால், ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்காமல் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். எந்தக் கத்தி நல்லது என்ற பேச்சு இங்கே அதிகம் வராது. யாரை நம்புவது, எதை வைத்து நம்புவது, நம்பிக்கை உடைந்தால் என்ன செய்வது, இதுதான் இந்தப் பக்கம்.

கஸ்டம் கத்தி என்று எதைச் சொல்கிறீர்கள்?

நீளம், எஃகு, பிடிக்கு என்ன மரம் என்றெல்லாம் நீங்கள் சொல்லி, ஒருவர் உங்களுக்கென்றே செய்து கொடுப்பது கஸ்டம். அவர் தன் விருப்பத்துக்குச் செய்து மேஜையில் பரப்பி விற்பது கைவேலைக் கத்தி. பேச்சில் இரண்டையும் கஸ்டம் என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் பணம் கைமாறும்போது வித்தியாசம் பெரிது. மேஜையில் இருப்பதைத் தூக்கிப் பார்க்கலாம். ஆர்டர் கொடுத்த கத்தி இன்னும் பிறக்கவே இல்லை.

500 டாலர் கொடுக்கிறேன். கத்தியைப் பார்த்து வாங்கினால் போதாதா? ஏன் எல்லோரும் செய்கிறவரின் பெயரைப் பற்றியே பேசுகிறார்கள்?

கத்தியில் மிக முக்கியமான வேலை கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான். நம் ஊர்ப் பட்டறையில் அதைத் தோய்ச்சல் என்பார்கள், சில இடங்களில் துவைச்சல். எஃகைச் சரியான சூட்டுக்குக் கொண்டுபோய், எண்ணெயில் சட்டென்று முக்கி, அப்புறம் குறைந்த சூட்டில் வைத்துப் பதப்படுத்துவது. 1084 என்ற எளிமையான கார்பன் எஃகுக்கு ஏறக்குறைய 815 டிகிரி செல்சியஸ், பிறகு பதப்படுத்த 200 டிகிரி பக்கம் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சூடு எகிறிப்போனால் எஃகின் உள்ளே மணிகள் பருத்து, அலகு கண்ணாடி மாதிரி ஒடிய ஆரம்பிக்கும். சூடு போதாவிட்டால் வாய், அதாவது வெட்டும் கூர் விளிம்பு, மடங்கும். இப்படிக் கெட்டுப்போன கத்தியையும் நன்றாகத் தோய்ந்த கத்தியையும் மெருகேற்றிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவராலும் பார்வையால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. போட்டோவில் கேட்கவே வேண்டாம்.

சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இருக்கும் பெயரும் இந்தத் தோய்ச்சலைச் சார்ந்ததுதான். ஆனால் அங்கே வாங்குகிறவர் பட்டறைக்கே போய் நிற்கலாம், வாய் மடங்கினால் அதே ஆசாரியிடம் திரும்பக் கொண்டுபோய், "என்னண்ணே இது" என்று கேட்கலாம். ஒரெகானில் ஒருவர் செய்து டெக்சாஸில் ஒருவர் வாங்குகிற வியாபாரத்தில் அந்த வழி கிடையாது. நடுவில் இருப்பது செய்தவருடைய பெயரும் அவர் எழுதும் பதிலும் மட்டும்.

சரி, ஒருவர் நம்பகமானவரா என்று எதை வைத்துப் பார்ப்பது?

கத்தி வந்த முதல் வாரத்தில் எழுதப்படும் பாராட்டுகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது எல்லாக் கத்தியும் அழகு. மூன்று நான்கு வருடம் பயன்படுத்தியவர் என்ன சொல்கிறார் என்று தேடுங்கள். கறை ஏறி, நாலைந்து தடவை சாணை பிடித்து, அலகு கொஞ்சம் ஒடுங்கிப்போன கத்தியின் படம் ஒன்று கிடைத்தால் அது நூறு புதுக் கத்திப் படங்களுக்குச் சமம்.

அடுத்து, அவரிடமே கேளுங்கள். என்ன எஃகு, யார் தோய்ச்சல் போடுகிறார்கள், எந்தக் கடினத்துக்குக் கொண்டுவருகிறீர்கள், அதை எப்படிச் சோதிக்கிறீர்கள். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் சமையல் கத்திகளுக்குப் பெரும்பாலும் 60, 61, 62 என்று சொல்வார்கள், காட்டில் விறகு வெட்டுகிற கத்திக்கு அதைவிடக் குறைவாக. எண் எதுவானாலும் பரவாயில்லை, ஏன் அந்த எண் என்று அவர் இரண்டு வரியில் விளக்குகிறாரா என்பதைக் கவனியுங்கள். "என் தொழில் ரகசியம்" என்று மழுப்புபவரிடமிருந்து நான் விலகிவிடுவேன். கராஜில் 1084-க்குத் தோய்ச்சல் போடுவதில் ரகசியம் எதுவும் இல்லை, கவனம்தான் வேண்டும். சோதனைக்கு அரம் வைத்து உரசிப் பார்க்கிறேன், பித்தளைக் கம்பியில் வாயை அழுத்தி வளைத்து அது நிமிர்ந்து வருகிறதா என்று பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னாலும் எனக்குத் திருப்திதான். ராக்வெல் கருவி எல்லோராலும் வாங்க முடியாது.

இன்னொன்று, அவருக்கு நேர்ந்த தவறு ஒன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பத்து வருடம் கத்தி செய்து ஒன்றுகூடத் தவறாகப் போகவில்லை என்றால் அது நடக்காத காரியம். தவறிப்போன அந்தக் கத்திக்கு அவர் என்ன செய்தார் என்பதில்தான் அந்த ஆளைப் பற்றிய முழு விவரமும் இருக்கிறது. கீழே அப்படி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பெயருக்குப் பின்னால் ஜேஎஸ், எம்எஸ் என்று போடுகிறார்களே, அது உண்மையான தகுதியா?

உண்மையான தகுதிதான், ஆனால் எதற்கான தகுதி என்று தெரிந்துகொள்வது நல்லது.

மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன் 1976-இல் அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். சுருக்கமாக ஏ.பி.எஸ். அடித்துச் செய்யும் கத்திக் கலை அமெரிக்காவில் அழிந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. அந்த அமைப்பில் முதல் படி ஜர்னிமேன் ஸ்மித், அதுதான் ஜேஎஸ். அடுத்தது மாஸ்டர் ஸ்மித், எம்எஸ். ஜேஎஸ் ஆவதற்கான சோதனை கேட்டாலே வியர்க்கும். தானே அடித்துச் செய்த ஒரே கத்தியால், தொங்கவிட்ட ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். அதே கத்தியால் இரண்டுக்கு நான்கு அங்குலம் என்று சொல்லும் மரச்சட்டத்தை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அந்த வாய் கையில் இருக்கும் முடியை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியை வைஸில் கவ்வி 90 டிகிரி வளைப்பார்கள், வாயோரம் விரிசல் விடலாம், ஆனால் அலகு இரண்டாக ஒடியக் கூடாது. வாய் கடினமாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் ஒரே அலகில் தோய்ச்சலைப் பிரித்துப் போடத் தெரிந்தவரால்தான் இது முடியும். இது முடிந்த பிறகு ஐந்து கத்திகளை நடுவர்கள் முன் வைக்க வேண்டும், அதில் கைவேலை நேர்த்தியைப் பார்ப்பார்கள். அட்லாண்டாவில் ஜூன் மாதம் நடக்கும் பிளேட் ஷோவில்தான் பெரும்பாலும் இந்தத் தீர்ப்பு நடக்கும். அறைக்கு வெளியே காத்திருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன், பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாள் போல இருக்கும். எம்எஸ்-க்கு ஜேஎஸ் ஆகி இரண்டு வருடமாவது போக வேண்டும். குறைந்தது 300 அடுக்கு டமாஸ்கஸ் எஃகில் (எஃகை அடுக்கி ஒட்டவைத்துச் செய்வது, கீழே சொல்கிறேன்) அதே கயிறு, மரம், வளைப்பு, அதோடு ஒரு டமாஸ்கஸ் குத்துவாளும் செய்து காட்ட வேண்டும்.

ஆக, முத்திரை இருந்தால் அவருக்குத் தோய்ச்சல் தெரியும், கை சுத்தம் என்று தைரியமாக நம்பலாம். சொன்ன தேதியில் கத்தி வருமா, முன்பணம் பத்திரமா என்பதை அந்தச் சோதனை அளப்பதில்லை. அதேபோல, அடிக்காமல் பட்டையிலிருந்து அறுத்து அரைத்தெடுத்துச் செய்கிறவர்கள் இந்தச் சோதனைக்குப் போவதே இல்லை. பாப் லவ்லெஸ் அப்படி அரைத்தெடுத்துச் செய்தவர்தான், இந்தத் தொழிலையே மாற்றிப்போட்டவர். அதனால் முத்திரை இல்லை என்று ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள்.

கில்டு என்றும் ஒன்று இருக்கிறதாமே?

நைஃப்மேக்கர்ஸ் கில்டு, கத்தி செய்கிறவர்களின் சங்கம், 1970-இல் தொடங்கியது. லவ்லெஸும் ஏ.ஜி. ரஸலும் தொடங்கியவர்களில் உண்டு. வேலைத் தரத்தோடு வாடிக்கையாளரிடம் நேர்மையாக நடப்பதையும் உறுப்பினர்களிடம் எதிர்பார்க்கும் அமைப்பு. உறுப்பினர் என்றால் ஒரு படி கூடுதல் நம்பிக்கை, அவ்வளவே.

முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்? முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார்.

முழுப் பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

ஒரு வேட்டைக் கத்திக்கு 480 டாலர், முழுவதும் முன்னாலேயே. நான்கு மாதம் என்றார். நான்காவது மாதம் எஃகு வரவில்லை என்றார், ஆறாவது மாதம் கிரைண்டர் மோட்டார் எரிந்துவிட்டது, ஒன்பதாவது மாதம் முதுகுவலி. நான் எதையும் சந்தேகப்படவில்லை, எல்லோருக்கும் வருகிற கஷ்டம்தானே. ஆனால் பத்தாவது மாதம் அவர் புதிதாகச் செய்த மூன்று கத்திகளைப் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். என் வரிசை எங்கே போனது என்று எழுதினேன், பதில் இல்லை. பதினான்காவது மாதம் 200 டாலர் திரும்பி வந்தது. கத்தி வரவே இல்லை.

அவர் மேல் ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். பிறகு நானே கத்தி செய்ய ஆரம்பித்தபோதுதான் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று புரிந்தது. கணக்கு போட்டுப் பாருங்கள். இருபது பேரிடம் 300 டாலர் வீதம் வாங்கினால் 6000 டாலர் ஒரே மாதத்தில் கையில். அதில் ஒரு நல்ல பெல்ட் கிரைண்டர் வாங்கிவிடுகிறார், மீதியில் வீட்டு வாடகை. இப்போது இருபது கத்தி பாக்கி, அதற்காக இனி ஒரு டாலர்கூட வராது. ஆனால் பெல்ட் வாங்க வேண்டும், எஃகு வாங்க வேண்டும், சாப்பிட வேண்டும். என்ன செய்வார்? இருபத்தோராவது ஆளிடம் ஆர்டர் எடுப்பார், அல்லது கையில் உடனே காசு வருகிற மாதிரி புதுக் கத்தி செய்து விற்பார். அதனால்தான் எனக்கு வர வேண்டிய கத்தி நிற்க, புதுக் கத்திகள் விற்பனைக்கு வந்தன. பழைய ஆர்டரைத் தொட்டால் நஷ்டம், புதியதைச் செய்தால் சோறு. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து ஆரம்பித்தவர்கள் இதில் குறைவு. கையில் வாங்கிய கடனை வருமானம் என்று நினைத்துச் செலவழித்ததுதான் பிழை, அங்கிருந்து வெட்கம், வெட்கத்தால் மௌனம். ஆனால் வாங்கியவன் நிலையில் இருந்து பார்த்தால் முடிவு ஒன்றுதான், பணமும் இல்லை, கத்தியும் இல்லை.

எனக்கு இப்போது ஒரு வரம்பு உண்டு. வரிசையில் பெயர் எழுத எதுவும் கொடுக்க மாட்டேன். வேலை ஆரம்பிக்கும் வாரத்தில், நான் கேட்டது அபூர்வமான மரம், விலையான எஃகு என்றால் அந்தப் பொருளுக்கான பணம். மீதி, முடிந்த கத்தியின் படங்களைப் பார்த்த பிறகு. நிலைபெற்ற மேக்கர்கள் பலர் தாங்களாகவே இப்படித்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் நீங்கள் வேண்டாம் என்றால் அதே கத்தியை ஒரு வாரத்தில் வேறு ஒருவருக்கு விற்றுவிட அவர்களால் முடியும். உங்கள் பெயரை அலகில் பொறிக்கச் சொன்னால் மட்டும் கதை வேறு, அதற்குப் பாதிப் பணம் கேட்பது நியாயம்.

எப்படிப் பணம் அனுப்புவது?

பேபாலில் நண்பர்கள், குடும்பம் என்ற வகையில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கட்டணம் மிச்சமாகிறது என்று சொல்வார்கள், ஆனால் அதில் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்தக் கட்டணத்தை நானே சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், நல்லவர் உடனே ஒத்துக்கொள்வார். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சரியான வகையில் அனுப்பினாலும், பணம் கொடுத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் போட வேண்டும். காத்திருப்பு ஒரு வருடம் என்றால், கத்தி வரவில்லை என்று தெரியும் நேரத்தில் அந்தக் கெடு எப்போதோ முடிந்திருக்கும். எட்டாவது மாதம் வரை பொறுமையாக இருப்பவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறார், அந்தப் பொறுமைக்காரர்களில் நானும் ஒருவன்.

அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி ஒன்றும் இருக்கிறது. தபாலிலோ போனிலோ இணையத்திலோ ஆர்டர் எடுத்தால் சொன்ன காலத்துக்குள் அனுப்ப வேண்டும், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள். முடியாவிட்டால் தகவல் சொல்லி, வேண்டாம் என்றால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஆகவே எத்தனை மாதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வரி மின்னஞ்சல் போதும்.

எவ்வளவு காத்திருப்பது நியாயம்? சிலருக்கு வருடக் கணக்கில் வரிசை இருக்கிறதே.

காத்திருப்பின் நீளம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, சொன்னபடி நடக்கிறதா என்பதே விஷயம். ஃபுளோரிடா ஆர்லாண்டோவில் ராண்டால் குடும்பம் 1930களின் கடைசியிலிருந்து கத்தி செய்கிறது. அவர்களிடம் ஆர்டர் கொடுத்தால் பல வருடம் காத்திருக்க வேண்டும், எல்லோருக்கும் அது தெரியும், தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். யாரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை, ஏனென்றால் முதல் நாளே வருடத்தைச் சொல்லிவிடுகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் சமையல் கத்தி செய்யும் பாப் கிராமர் வேறு வழி கண்டார். கேட்பவர் கூட்டம் கைக்கு மீறிப் போனதும், குலுக்கலிலும் ஏலத்திலும் கத்தியைக் கொடுக்க ஆரம்பித்தார். செய்ய முடியாத அளவு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மரியாதையான ஏற்பாடு என்பது என் எண்ணம். அவர் செய்த கத்தி ஒன்று, சமையல் கலைஞர் ஆந்தனி போர்டெய்ன் வைத்திருந்தது, 2019-இல் ஏலத்துக்கு வந்தபோது 4000 முதல் 6000 டாலர் போகும் என்று மதிப்பிட்டார்கள், கடைசியில் 2,31,250 டாலருக்குப் போனது. வைத்திருந்தவரின் பெயரும் செய்தவரின் பெயரும் சேர்ந்து வந்த விலை அது.

கத்தி முழுவதையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். தோய்ச்சலை வெளியில் கொடுத்தால் ஏமாற்றா?

இல்லவே இல்லை. பால் பாஸ் என்பவரிடம் தோய்ச்சலுக்கு அனுப்பிய மேக்கர்கள் அமெரிக்கா முழுவதும் இருந்தார்கள், அதைப் பெருமையாகச் சொல்லியே விற்றார்கள். துருப்பிடிக்காத எஃகுகளுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், சின்னப் பட்டறையில் அரைகுறையாகச் செய்வதைவிடத் தெரிந்தவரிடம் அனுப்புவது கத்திக்கு நல்லது. ஜப்பானில் சக்காய் ஊரில் அடிப்பவர் ஒருவர், கூர் போடுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர் என்று காலங்காலமாகப் பிரித்தே செய்கிறார்கள், அந்தக் கத்திகளை உலகம் முழுக்க வாங்குகிறார்கள்.

மறைப்பதுதான் ஏமாற்று. எங்கிருந்தோ மொத்த விலையில் அலகு வாங்கி, பிடி மட்டும் மாட்டி, தன் முத்திரையைக் குத்தி, நானே அடித்தது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பெயரில் மாதம் அறுபது கத்தி வருகிறது, எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு, ஆனால் பட்டறைப் படம் ஒன்றுகூட இல்லை என்றால் கேட்டுவிடுங்கள்.

டமாஸ்கஸ் கத்தி 60 டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சுவரில் மாட்ட என்றால் வாங்கலாம். இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் ஒட்டவைத்து, மடித்து அடித்து, 200, 300 அடுக்காக்கி, அமிலத்தில் நனைத்து வரியை வெளியே கொண்டுவருவது நாள் கணக்கில் எடுக்கிற வேலை. அந்த விலையில் என்ன எஃகு என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். சிலவற்றில் வரி மேலே பொறித்தது மட்டும், லேசாக அரைத்துப் பார்த்தால் காணாமல் போய்விடும். உண்மையான அடுக்கு என்றால் அரைத்துவிட்டு மறுபடி அமிலத்தில் வைத்ததும் வரி திரும்ப வரும், முதுகு வழியாகவும் ஓடும்.

இதில் நமக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. இப்போது டமாஸ்கஸ் என்று விற்பது இந்த அடுக்கு எஃகு, 1973-இல் பில் மோரன் கில்டு கண்காட்சியில் காட்டியதிலிருந்து அமெரிக்காவில் பரவியது. ஆனால் பழைய காலத்து டமாஸ்கஸ் வாள்களின் வரி வேறு வகை. மூசை என்ற உருக்கும் பாத்திரத்தில் உருக்கிய எஃகுக் கட்டியிலிருந்து வந்தது, அந்த எஃகுக்குத் தென்னிந்தியா பேர் போன இடம். ஊட்ஸ் என்று ஐரோப்பியர் எழுதியது நம் பக்கத்து உக்கு, உருக்கு என்ற சொல்லைத்தான் என்று சொல்வார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த வரியை எப்படிக் கொண்டுவருவது என்பது மறந்தே போயிருந்தது. அயோவாவைச் சேர்ந்த உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் ஃபுளோரிடாக் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் சேர்ந்து 1990களில் அதைத் திரும்பச் செய்து காட்டினார்கள், தாதுவில் துளியூண்டு இருக்கும் வனேடியம் போன்ற உலோகங்கள்தான் வரிக்குக் காரணம் என்றும் கண்டுபிடித்தார்கள். ஆகவே யாராவது அடுக்கு எஃகைக் காட்டி, "இது தொலைந்துபோன பழைய ரகசியம்" என்று விற்றால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். இரண்டுமே வாங்காமல் இருக்கக் காரணம்.

வந்த கத்தியில் கோளாறு. என்ன செய்வது?

முதலில் உங்கள் பக்கம் பாருங்கள். உறைந்த இறைச்சியில் போட்டீர்களா, எலும்பை வெட்டினீர்களா, நெம்பித் திறந்தீர்களா, பாத்திரம் கழுவும் மெஷினில் வைத்தீர்களா? நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மேக்கருக்கும் உங்கள் மேல் ஒரு நம்பிக்கை வேண்டும், பொய் சொல்லித் திருப்பி அனுப்புகிற வாடிக்கையாளரால் சின்னப் பட்டறைகள் படும் பாடு கொஞ்சமல்ல. அப்புறம் நல்ல வெளிச்சத்தில் வாயின் படம், எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள், எந்தப் பலகை, எந்தக் கல்லில் தீட்டினீர்கள் என்ற விவரம். குற்றம் சாட்டாமல் எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.

மேலே சொல்கிறேன் என்றேனே, அந்த ஆள் இவர்தான். பெயர் வேண்டாம், அவருக்கு விளம்பரம் பிடிக்காது. 240 மில்லிமீட்டர் சமையல் கத்தி ஒன்று வாங்கினேன். இரண்டாவது மாதம் வெங்காயமும் கேரட்டும் நறுக்கியதிலேயே வாயில் உப்புக்கல் அளவு சில்லுகள். படம் அனுப்பினேன். அன்று இரவே பதில், அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது. பத்து நாள் கழித்து ஒரு நீளமான கடிதம். 61 என்று சொல்லிக் கொடுத்த கத்தி 65 காட்டுகிறது, பதப்படுத்தும் அடுப்பின் வெப்பமானி தவறாகக் காட்டியிருக்கிறது, அந்த நாளில் தோய்ச்சல் போட்டவை மொத்தம் ஆறு கத்தி, மற்ற ஐந்து பேருக்கும் இன்று காலை எழுதிவிட்டேன் என்று இருந்தது. அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அதுவரை புகார் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்திருந்தால் பாதிப்பேர் தங்கள் கைத்தவறு என்று நினைத்து விட்டிருப்பார்கள். அவரோ ஆறு கத்தியையும் தபால் கொடுத்து வரவழைத்து, மறுபடி பதப்படுத்தி, வாயைப் புதிதாகப் போட்டுத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அவரிடம் நான்கு கத்தி வாங்கியிருக்கிறேன், எந்தக் கேள்வியும் கேட்காமல்.

பதிலே வரவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவிடலாமா?

எழுதலாம், எழுதவும் வேண்டும், அடுத்த ஆள் பணம் கொடுப்பதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் முன்னால் ஒரு கெடு கொடுங்கள். "இந்தத் தேதிக்குள் கத்தியோ பணமோ வராவிட்டால் நடந்ததை வெளியில் எழுதுவேன்" என்று ஒரு மின்னஞ்சல், இரண்டு வாரம் அவகாசம். எழுதும்போது தேதி, தொகை, யார் என்ன சொன்னார் என்பது மட்டும் போதும். திருடன், மோசக்காரன் என்ற வார்த்தைகள் உங்கள் கட்டுரையைத்தான் பலவீனப்படுத்தும், தேதிகளே பேசிக்கொள்ளும். பணம் திரும்பி வந்துவிட்டால் அதையும் அதே இடத்தில் எழுதுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, அது அநியாயம். மூன்று வருடத்துக்கு முன் தீர்ந்துபோன ஒரு புகார் இன்றைக்கும் ஒருவரின் சோற்றில் மண் போட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் பெரும்பாலும் ஒரே ஆள். அவருக்கு மாரடைப்பு வந்தால் பட்டறை மூடிவிடும், மனைவிக்கு எந்த ஆர்டர் யாருடையது என்று தெரியாது. கெடு வைக்கும் முன் அவரைத் தெரிந்த இன்னொரு மேக்கரிடம், "அவர் நன்றாக இருக்கிறாரா" என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

நான் புதிதாகக் கத்தி செய்கிறேன். ஆர்டர் கேட்கிறார்கள். எப்படிப் பெயர் சம்பாதிப்பது?

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான், முதல் இரண்டு வருடம் முன்பணம் வாங்காதீர்கள். செய்யுங்கள், முடியுங்கள், விற்றுவிடுங்கள். அப்போது தாமதம் என்ற பேச்சே கிடையாது, பிடிக்காத வடிவத்தை யாருக்காகவோ செய்து மாட்டிக்கொள்வதும் கிடையாது. ஆர்டர் எடுக்கத் தொடங்கும்போது, ஒரு கத்திக்கு மூன்று வாரம் ஆகும் என்று தோன்றினால் ஆறு வாரம் சொல்லுங்கள். வாங்கிய முன்பணம் தனிக் கணக்கில் கிடக்கட்டும், கத்தி பார்சலில் போகும் வரை அது உங்கள் பணம் கிடையாது.

முதல் பத்துக் கத்தியில் ஒன்றையாவது நீங்களே உடைத்துப் பாருங்கள். உடைந்த இடத்தில் மணி மணியாகத் தெரிந்தால் சூடு கூடிப்போயிருக்கிறது, பட்டுப்போலச் சாம்பல் நிறத்தில் இருந்தால் சரி. நான் என்னுடைய மூன்றாவது கத்தியை வைஸில் வைத்து உடைத்தேன், மனம் கேட்கவில்லை, ஆனால் உள்ளே மணல் மாதிரி இருந்தது. முதல் இரண்டும் அதே சூட்டில் செய்தவை, நண்பர்களுக்குக் கொடுத்திருந்தேன், அன்றே போன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

தாமதம் ஆனால் அவர் கேட்பதற்கு முன் நீங்கள் எழுதுங்கள். கெட்ட செய்தியை முன்னாலேயே சொன்னவரை யாரும் விட்டுப் போனதாக நான் பார்த்ததில்லை, பதில் போடாமல் ஒளிந்தவரை விட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள்.

லவ்லெஸ் கத்தி ஒன்று பழையது வருகிறது. அசல்தானா என்று எப்படித் தெரியும்?

லவ்லெஸ் 2010-இல் இறந்துவிட்டார், அவர் கத்திகள் ஆயிரக்கணக்கான டாலர் போகும், அதனால் போலிகளும் உண்டு. முத்திரையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், முத்திரையைக் குத்துவது எளிது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற ரசீது, கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அவருடைய கத்திகளை நிறையக் கையாண்ட ஒரு வியாபாரியிடம் காசு கொடுத்துக் காட்டுங்கள். அவசரப்படுத்துகிற விற்பனையாளர் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

வாங்கிய கத்தியை இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா?

சமையல் கத்தி என்றால் பெட்டியில் வைத்துச் செக்-இன் லக்கேஜில் போடுங்கள், கைப்பையில் கூடவே கூடாது. இந்திய ஆயுத விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுத வகையில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. பெரிய போவி கத்தி, குத்துவாள் எல்லாம் அந்த விலக்கில் வராது. பிடியையும் பாருங்கள். யானைத் தந்தம் போட்ட பழைய கத்திகள் அமெரிக்காவில் இன்னும் கைமாறுகின்றன, அங்கேயே 2016 முதல் ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்துக்குச் சில விலக்குகள் தவிர ஏறக்குறைய முழுத் தடை இருக்கிறது, இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தில் நேராகச் சிக்கும். மான் கொம்புப் பிடியும் சிக்கல்தான். ஊருக்குப் பரிசாகக் கொண்டுபோக ஆர்டர் கொடுக்கிறீர்கள் என்றால் மரப்பிடி அல்லது மைகார்டா (துணியைப் பிசினில் இறுக்கிச் செய்யும் பிடிப் பொருள்) என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள், எந்த நாட்டுக்குப் போகிறது என்பதையும் சேர்த்து.